நோன்பில் இறங்கிய ஆறு மூட்டை

இந்துப்பை உடைப்பது ஹபீபுன்னிசாவின் வேலை. சுக்கு இடிக்கவும் கடுக்காய் தட்டவும் சரசு என்றொரு பெண் வந்து போனாலும், உப்பில் மட்டும் வேறு யாரும் கை வைப்பதில்லை. வீட்டுக்குப் பின்னால், தண்ணீர்த் தொட்டிக்குப் பக்கத்தில் ஒரு கருங்கல் பலகை கிடக்கிறது. அதன்மேல் கோணியை நாலாக மடித்துப் போட்டு, தேங்காய் அளவுக் கல்லை வைத்து, இன்னொரு கோணியால் மூடி, சுத்தியலால் ஒரே போடு. ஓங்கி அடித்தால் தூளாகிவிடும். பயந்து அடித்தால் வழுக்கிக்கொண்டு ஓடும். கல்லுக்குள் மெல்லிசாக ஒரு வெள்ளைக் கோடு இருக்கும். அதன் மேல் அடி விழ வேண்டும். விழுந்தால், கத்தி போட்ட அல்வா மாதிரி பளிச்சென்று இரண்டு முகமாகப் பிரியும்.

பிரிந்ததை மூன்றாகப் பிரிப்பாள். தூளும் குருணையும் தேரடி பக்கம் அவள் புருஷன் வைத்திருக்கும் நாட்டு மருந்துக் கடைக்கு. கைப்பிடி அளவுத் துண்டுகள் மாட்டுக்காரர்களுக்கு. கொட்டகையில் கட்டித் தொங்கவிட்டால் மாடு நாளெல்லாம் நக்கிக்கொண்டிருக்கும். நல்ல ரோஜா நிறத்தில், வெயிலில் பிடித்தால் உள்ளே வெளிச்சம் போய் நிற்கிற துண்டுகள் தனியாக ஒரு தாம்பாளத்தில் சேரும். அது மாடிக்கு. பிர்தௌஸுக்கு.

அந்தத் தாம்பாளத்தை நிரப்பும்போது மட்டும் அவளுக்குத் தோள்பட்டை கொஞ்சம் ஜாஸ்தி வலிக்கும்.

மாடியிலிருந்து டேப் இழுக்கிற சத்தம் 'கர்ர்ர்' என்று வரும். பிர்தௌஸ் பார்சல் கட்டுகிறாள். கொழுந்தன் அப்சலின் பெண்டாட்டி, வேலூர்க்காரி, பி.காம் படித்தவள், முப்பத்தாறு வயது. அப்சலின் செல்போன் கடை படுத்துப்போனபோது, ரமணாசிரமம் பக்கம் செங்கம் ரோட்டில் ஆறடிக்கு எட்டடியில் ஒரு கடை பிடித்து உட்கார்ந்தாள். இதே உப்பைச் சின்னத் துணிப் பைகளில் போட்டு, சணல் கயிற்றால் முடிச்சுப் போட்டு, இலை மாதிரி வெட்டிய அட்டையில் இங்கிலீஷில் நாலு வரி எழுதித் தொங்கவிட்டாள். கீழே காகிதப் பொட்டலத்தில் போகிற உப்பு, செங்கம் ரோட்டில் வெள்ளைக்காரர்கள் மூக்கில் வைத்து மோந்து பார்த்து வாங்குகிற பொருளாகிவிட்டது.

அதே கல். அதே சுத்தியல். அடித்தது இவள் கை. பேர் வாங்கினது அவள்.

பிர்தௌஸ் கெட்டவளாக இருந்திருந்தால் எவ்வளவோ சௌகரியமாக இருந்திருக்கும். அவள் அப்படி இல்லை. "ஆபா, ஆபா" என்று அக்கா முறை வைத்துத்தான் வாயைத் திறப்பாள். காய்ச்சல் என்றால் கஞ்சியோடு முதலில் இறங்கி வருகிறவள் அவள்தான். ஹபீபுன்னிசாவின் மகன் ஜீஷானுக்குப் பெங்களூரில் வேலைக்கு மனுப் போட்டுக் கொடுத்ததும் அவள்தான். குறை சொல்ல ஓர் இடம் கிடைக்காத ஆளோடு ஒரே கூரையின் கீழ் எட்டு வருஷம் இருப்பது லேசான காரியமில்லை.

காசு பற்றி ஹபீபுன்னிசாவுக்குப் பொறாமை இல்லை. அது என்னவோ நிஜம். அவளுக்கு உறுத்தியது வேறு.

கீழ்பென்னாத்தூரில் மல்லாட்டை என்கிற வேர்க்கடலை வியாபாரி வீட்டுப் பெண் அவள். பத்தொன்பது வயதில் சாந்த் பாஷாவைக் கட்டிக்கொண்டு திருவண்ணாமலைக்கு வந்தாள். வந்த வருஷமே ஒரு நாள், மெட்ராஸ் தரகர் ஒருவர் கொண்டுவந்து இறக்கிய உப்பில் ஒரு துணுக்கை எடுத்து, சும்மா, வாயில் போட்டுப் பார்த்தாள். "ஏங்க, இது கடல் உப்புங்க. தொண்டையில கசக்குது" என்றாள். நேற்று வந்த பொண்ணு, என்று தரகர் சிரித்தார். சாந்த் பாஷா சிரிக்கவில்லை. மூட்டையைத் திருப்பி அனுப்பினார். அதே சரக்கை வாங்கிய இரண்டு கடைக்காரர்கள் அந்த வருஷம் பட்ட பாட்டை ஊரே பார்த்தது. மல்லாட்டையைக் கடித்துப் பார்த்தே எந்த ஊர் மண் என்று சொல்லும் வீட்டில் வளர்ந்த நாக்கு அது. உப்பு அதற்கு ஒரு பாடமே இல்லை. அசல் இந்துப்பு நாக்கில் மெதுவாக இறங்கும்; முடிகிற இடத்தில் இனிக்கிற மாதிரி ஒன்று இருக்கும். மற்றது எடுத்த எடுப்பில் சுரீரென்று ஏறிவிட்டு, பின்னால் கசக்கும்.

அன்றிலிருந்து முப்பத்தோரு வருஷமாக அந்த வீட்டில் ஒரு சட்டம் ஓடுகிறது. அவள் நாக்கில் வைக்காமல் எந்தச் சரக்கும் இறங்காது. "வீட்டம்மா பார்க்கணும்" என்பார் சாந்த் பாஷா, கலெக்டர் கையெழுத்துப் போடணும் என்கிற தோரணையில். வாசலில் வண்டி நிற்க, கூலிக்காரர்கள் பீடியை அணைத்துவிட்டு நிற்க, அவள் ஒரு துணுக்கை நாக்கு நுனியில் வைத்துக் கண்ணை மூடுவாள். அந்த அரை நிமிஷம் எல்லோரும் அவள் முகத்தையே பார்ப்பார்கள். வாழ்க்கையில் அவளுக்கென்று இருந்த பதவி அது ஒன்றுதான்.

அந்தப் பதவிக்கு ஆபத்து தில்லியிலிருந்தும் இஸ்லாமாபாத்திலிருந்தும் வரும் என்று அவள் நினைத்ததில்லை.

இந்த ரோஜா நிறக் கல் வெளைவது பாகிஸ்தான் மலையில். அந்தக் காலத்தில் அட்டாரி எல்லையில் லாரி மாறி, பஞ்சாப் வந்து, அங்கிருந்து சென்னை வந்து, இங்கே வரும். பத்தொன்பதில் சண்டை வந்து இருநூறு சதவீதம் வரி போட்டார்கள். அப்புறமும் துபாய், கிபாய் என்று ஊரைச் சுற்றிக்கொண்டு வந்தபடிதான் இருந்தது. போன வருஷம் காஷ்மீரில் அந்தக் கொலைகள் நடந்த பிறகு, எல்லைக் கதவைச் சாத்தினார்கள். மே மாசம், எந்த நாட்டைச் சுற்றிக்கொண்டு வந்தாலும் அங்கே வெளைந்தது இங்கே வரக்கூடாது என்று உத்தரவு போட்டார்கள். சாந்த் பாஷா டிவி முன்னால் சாப்பாட்டுத் தட்டோடு உட்கார்ந்து கேட்டுக்கொண்டிருந்தார். "ரெண்டு கவர்ன்மெண்டும் பேசாம இருந்தா நமக்கு உப்பு இல்ல" என்றார்.

"பேசினாலும் உங்களுக்கு உப்பு கம்மிதான், பிரஷர் இருக்கில்ல" என்றாள் ஹபீபுன்னிசா.

அப்சலுக்கு எதிலும் விளையாட்டு. "அங்க அட்டாரி, இங்க மாடிப்படி. நம்ம வீட்டுல மட்டும் கேட்டைத் தொறந்து வைங்க பாபி" என்று சொல்லிவிட்டு மாடிக்கு ஓடினான். அவனுக்கும் தெரிந்துதான் இருந்தது.

கடையில் வேறு விதமான விளையாட்டு. சாந்த் பாஷா லுஹர் தொழுகைக்குப் போகும்போது ஹபீபுன்னிசா கல்லாவில் உட்காருவாள். பௌர்ணமிக்குக் கிரிவலம் வந்த ஓர் ஆள் இந்துப்பு கேட்டார். இல்லை என்றதும், "ஏன்மா, உங்க ஊர்ல இருந்துதானே வருது, சொல்லி அனுப்ப வேண்டியதுதானே?" என்று சிரித்தார்.

"எங்க ஊரு கீழ்பென்னாத்தூருங்க. அங்க உப்பு வெளையாது, மல்லாட்டதான் வெளையும். வேணும்னா ஒரு படி சொல்லி அனுப்பட்டுமா?" என்றாள்.

அந்த ஆள் சுக்கை வாங்கிக்கொண்டு போய்விட்டார். அவளுக்கு அன்றைக்கு முழுக்க நெஞ்சில் ஏதோ அடைத்த மாதிரி இருந்தது. சாயங்காலம் பிர்தௌஸிடம் சொன்னபோது, "சரியாச் சொன்னீங்க ஆபா" என்று அவள் கையைத் தட்டிச் சிரித்ததில் பாதி அடைப்பு போனது. மீதிப் பாதி, தன் அடைப்பை எடுக்க இவள் தேவைப்பட்டாளே என்பதால் நின்றது.

தீபம் முடிந்தது. பொங்கல் முடிந்தது. இருந்த இருப்பு ஒரு மூட்டைக்கு வந்துவிட்டது. ஒரு வெள்ளிக்கிழமை மத்தியானம் எல்லோரும் கீழே சாப்பிட்டுக்கொண்டிருந்தபோது பிர்தௌஸ் போனை நீட்டினாள்.

"பாய், ஒருத்தர் இரான் கல்லுனு சொல்றார். அது வரலாமாம், தடை இல்லையாம். போட்டோ அனுப்பியிருக்கார் பாருங்க."

சாந்த் பாஷா கண்ணாடியை ஏற்றிக்கொண்டு பார்த்தார். "கலர் ஜோரா இருக்கே. எத்தினி மூட்டை தருவாராம்?"

"ஆறு. செங்கம் ரோடு கோதண்டராமன் சார் இருக்காரே, ரூம் வாடகைக்கு விடறாரே, அவருக்கே இருநூறு பை வேணுமாம். ஊருக்குத் திரும்பற கெஸ்டுக்கெல்லாம் கொடுக்கறதுக்கு."

"அப்ப சொல்லிடும்மா. நீ பேசினா சரியாத்தான் இருக்கும்."

ஹபீபுன்னிசா குழம்புக் கரண்டியை வைத்தாள். "போட்டோவ நக்கிப் பாத்தீங்களா?"

எல்லோரும் சிரித்தார்கள். நல்ல நகைச்சுவை என்று நினைத்துவிட்டார்கள். பிர்தௌஸ் மட்டும், "சரக்கு வந்ததும் ஆபா பார்க்காம இறக்குவோமா?" என்றாள். அதுவும் பதில்தான். ஆனால் முப்பத்தோரு வருஷத்தில் முதல்முறையாக, அவள் நாக்குக்கு முன்னால் வியாபாரம் முடிந்துவிட்டிருந்தது. "நீ பேசினா சரியாத்தான் இருக்கும்." இந்த வார்த்தையைச் சாந்த் பாஷா தன்னிடம் எத்தனை தடவை சொல்லியிருக்கிறார் என்று பாத்திரம் துலக்கும்போது எண்ணிப் பார்த்தாள். ஒன்றும் ஞாபகம் வரவில்லை. சொல்லியிருப்பார், மறந்திருப்போம் என்று மனசைச் சமாதானம் பண்ணப் பார்த்தாள். மனசு கேட்கவில்லை.

சரக்கு வருவதற்குள் ரம்ஜான் பிறந்துவிட்டது. பதினான்காம் நோன்பு அன்று, பௌர்ணமிக் கூட்டம் வடிந்த மறுநாள், அஸர் தொழுகைக்குக் கொஞ்சம் முன்னால் வாசலில் வண்டி வந்து நின்றது. சாந்த் பாஷா கடையிலிருந்து போனில், "வீட்டம்மா பாத்துட்டா இறக்கிடுங்க, இல்லாட்டி அதே வண்டியில திருப்பி விட்டுடுங்க" என்று சொல்லிவிட்டார். டிரைவர் போளூர் போகிற அவசரத்தில் ஸ்டியரிங்கில் தாளம் போட்டுக்கொண்டிருந்தான். மூட்டை தூக்க வந்த இருசப்பன் துண்டைச் சும்மாடாகச் சுற்றித் தலையில் வைத்துக்கொண்டு, "இன்னாம்மா, எறக்கலாமா?" என்றான்.

பிர்தௌஸ் படியில் ஓடிவந்தாள். "ஆபா, கொஞ்சம் பாத்துச் சொல்லுங்களேன்."

ஹபீபுன்னிசா ஒரு மூட்டையின் தையலைப் பிரித்து, ஏற்கெனவே உடைத்தே வந்திருந்த சின்னக் கற்களில் ஒன்றை எடுத்தாள். எடுத்ததுமே தெரிந்தது. அசல் கல் இரண்டு ஒரே நிறத்தில் இருக்காது. ஒன்றில் வெள்ளை ஓடும், ஒன்றில் செம்பட்டை ஓடும், ஒன்றில் கிட்டத்தட்ட ரத்தம். இது பள்ளிக்கூட யூனிபார்ம் மாதிரி மொத்த மூட்டையும் ஒரே நிறம். தொட்டி ஓரம் கொண்டுபோய்ப் பலகையில் வைத்துச் சுத்தியலால் தட்டினாள். இரண்டாகப் பிரியவில்லை. வெல்லம் மாதிரி உதிர்ந்தது. உள்ளே வெள்ளை வெளேரென்று இருந்தது. சட்டென்று கோணியை இழுத்து மூடினாள். தொட்டித் தண்ணீர் பட்டு ஈரமாயிருந்த உள்ளங்கையைத் திருப்பிப் பார்த்தாள். காவிச் சிவப்பு.

பின்னாலேயே பிர்தௌஸ் வந்து நின்றாள். "எப்படி ஆபா?"

'தூக்கிட்டுப் போகச் சொல்லு' என்று மூன்று வார்த்தை. சொல்லியிருந்தால் வண்டி வந்த வழியே போயிருக்கும். சாந்த் பாஷா ராத்திரி சாப்பாட்டில் நாலு பேர் முன்னால் பெருமையாகச் சொல்லியிருப்பார். பிர்தௌஸும், 'நல்ல வேளை ஆபா' என்று முதல் ஆளாகப் பாராட்டியிருப்பாள். பாராட்டிவிட்டு, அடுத்த வாரமே இன்னொரு போட்டோவோடு இறங்கி வருவாள். சாந்த் பாஷா மறுபடி, 'நீ பேசினா சரியாத்தான் இருக்கும்' என்பார்.

"நோன்புல வாயில வெக்க மாட்டேன்" என்றாள் ஹபீபுன்னிசா.

பிர்தௌஸுக்கு ஒரு நிமிஷம் புரியவில்லை. "போன வருஷம் நோன்புல வந்த சரக்க அப்படித்தானே பாத்தீங்க? நாக்கு நுனியில வெச்சுத் துப்பிட்டா, முழுங்காம இருந்தா, தேவைக்குப் பரவாயில்லனு பள்ளிவாசல் ஹஜ்ரத்தே சொல்லியிருக்காரே."

"போன வருஷம் போன வருஷம். வயசாகுது, அல்லாவுக்குப் பயந்து இருக்கணும்."

"அப்போ நாளைக்கு..."

"வண்டிக்காரன் நிப்பானா? பாக்க நல்லாத்தான் இருக்கு." சொல்லிக்கொண்டே உள்ளங்கையை முதுகுப் பக்கம் கொண்டுபோய், முந்தானையின் உள்பக்கத்தில் அழுத்தித் துடைத்தாள்.

"நீங்க சொன்னா போதும் ஆபா." பிர்தௌஸின் முகம் மலர்ந்துவிட்டது. வாசலுக்கு ஓடி, "இறக்குங்கண்ணா" என்றாள்.

இருசப்பன் ஆறு மூட்டையையும் மாடிக்கு ஏற்றினான். ஒவ்வொரு முறையும் படி அதிர்ந்தது. ஹபீபுன்னிசா கைகால் கழுவிக்கொண்டு தொழுகைக்கு நின்றாள். நின்றாளே தவிர, எத்தனை ரக்அத் தொழுதோம் என்று அவளுக்குச் சந்தேகம் வந்து மறுபடி தொழுதாள்.

நோன்பு திறக்கிற நேரம் சாந்த் பாஷா வந்தார். பாய் விரித்து, கஞ்சியும் வடையும் பேரீச்சம்பழமும் வைத்து எல்லோரும் பாங்குக்காகக் காத்திருந்தார்கள்.

"சரக்கப் பாத்தியா?" என்றார்.

"பாத்தேன்" என்றாள். அது பொய்யில்லை.

"அப்ப ரெண்டு மூட்டைய நான் நாளைக்குக் கடைக்கு எடுத்துட்டுப் போயிடறேன். கீழ்பென்னாத்தூர் வேடியப்பன் மாட்டுக்குக் கேட்டுக்கினே இருக்கான்."

இதை அவள் யோசிக்கவில்லை. அடி மாடியில் மட்டும் விழும், துணிப் பையில் மட்டும் விழும், இலை மாதிரி வெட்டின அட்டையில் மட்டும் விழும் என்றுதான் கணக்கு. "அந்த..." என்று ஆரம்பித்தாள். பாங்கு சொல்லிவிட்டார்கள். எல்லோர் கையும் பேரீச்சம்பழத்துக்குப் போனது. அவளும் ஒன்றை எடுத்து வாயில் போட்டுக்கொண்டாள். கொட்டையை எடுத்த பிறகாவது சொல்லியிருக்கலாம். கஞ்சி குடித்த பிறகு சொல்லியிருக்கலாம். மறுநாள் காலையில் இரண்டு மூட்டை படியிறங்கி, அவள் கண் முன்னால் வாசலைத் தாண்டிப் போனபோதும் சொல்லியிருக்கலாம்.

பத்து நாள் ஒன்றும் நடக்கவில்லை. மாடியில் டேப் சத்தம் ஓயவில்லை. அந்தப் பத்து நாளும் அவள் வழக்கத்தைவிட அன்பாக இருந்தாள். மாடிக்கு ஒரு தடவை பாயசம்கூட அனுப்பினாள்.

முதலில் வந்தவர் வேடியப்பன். கடைக்குள் நுழையும்போதே குரல் கொடுத்துக்கொண்டு வந்தார். "பாய், என் மாடு வெத்தல போட்டுக்கினு நிக்குது, வந்து பாருங்க!" செல்போனில் படத்தையும் காட்டினார். கறவை மாட்டின் நாக்கு, கல்யாண வீட்டுத் தாம்பூலம் மாதிரி சிவந்திருந்தது. கடையில் நின்றவர்கள் சிரித்தார்கள். சாந்த் பாஷாவும் முதலில் சிரித்தார். படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தபோது சிரிப்பு நின்றது.

மறுநாள் கோதண்டராமன் கண்ணாடி ஜாடியோடு வந்தார். அவரிடம் தங்கியிருந்த ஒரு வெள்ளைக்கார அம்மாள் தினம் காலையில் இந்துப்புத் தண்ணீர் குடிக்கிற வழக்கமுள்ளவள். ராத்திரி ஊறப்போட்டது காலையில் செம்மண் குட்டை மாதிரி கலங்கி, அடியில் சிவப்பு வண்டலாக நின்றது. கரையாமல் மிஞ்சிய கல் பால் வெள்ளை.

கோதண்டராமன் கத்தவில்லை. அதுதான் சாந்த் பாஷாவைக் கொன்றது. ஜாடியை மேஜையில் வைத்துவிட்டு, "பாகிஸ்தான் உப்பு வந்தவரைக்கும் அசலா இருந்துது பாய். உங்க வீட்ல பாத்துத்தான் இறக்குவாங்கனு நம்பித்தான் நான் வேற எடத்துல கேக்கறதே இல்ல" என்று சொல்லிவிட்டுப் போனார். போட்டோ அனுப்பின ஆளின் போன் அன்றைக்கே செத்துவிட்டிருந்தது.

சாயங்காலம் சாந்த் பாஷா சீக்கிரமே வந்தார். ஜாடியைக் கொண்டுவந்து கூடத்தில் வைத்தார். அப்சல் விளையாட்டாக ஒன்றும் சொல்லவில்லை. பிர்தௌஸ் படியோரம் நின்றாள்.

"முப்பத்தோரு வருஷம்" என்றார் சாந்த் பாஷா. "ஹபீபு, நீ பாத்த சரக்கு இது. எப்படி?"

 ஹபீபுன்னிசா வாயைத் திறப்பதற்குள் பிர்தௌஸ் முன்னால் வந்துவிட்டாள்.

"ஆபா மேல தப்பில்ல பாய். நோன்புல வாயில வெக்க மாட்டேன்னு சொல்லிட்டாங்க. நான்தான் அவசரப்பட்டு இறக்கச் சொன்னேன். ஒரு நாள் நிறுத்தி வெச்சிருக்கணும். இரானுனு ஒரு வார்த்தைய நம்பிட்டேன். தப்பு என்னுது. கோதண்டராமன் சார்கிட்ட நானே போயி எல்லாப் பையையும் திரும்ப வாங்கிட்டு வந்துடறேன்."

சாந்த் பாஷா அவளைப் பார்த்தார். அந்தப் பார்வையை ஹபீபுன்னிசாவும் பார்த்தாள். திட்டத்தான் போகிறார் என்று நினைத்தாள். நினைத்தாளா, எதிர்பார்த்தாளா என்பது அல்லாவுக்கே வெளிச்சம்.

"தப்பு பண்ணா ஒத்துக்கணும். அதுக்கு ஒரு மனசு வேணும்மா" என்றார் அவர்.

அதுவும் போயிற்று. இறக்கிவிட்ட கெட்ட பேரிலிருந்துகூட அந்தப் பெண் ஒரு நல்ல பேரை எடுத்துக்கொண்டு போய்விட்டாள். தனக்குக் கிடைத்தது மன்னிப்பு; யாரும் தெரிந்து கொடுக்காத மன்னிப்பு. அதற்கு நன்றி சொல்ல வேண்டிய நேரத்தில் ஹபீபுன்னிசாவுக்கு உடம்பெல்லாம் எரிந்தது.

சாந்த் பாஷா இன்னொன்றும் சொன்னார். ஜாடியை எடுத்து ஆட்டிப் பார்த்துக்கொண்டே, பெரிய கண்டுபிடிப்பு மாதிரி சொன்னார். "இனிமே நாக்கெல்லாம் வேணாம். ஒரு கிளாஸ் தண்ணி போதும். போட்டா தெரிஞ்சிடுது பாரு. நானும் பாக்கலாம், அப்சலும் பாக்கலாம், இருசப்பன்கூடப் பாக்கலாம்."

அவர் மனசறிந்து புண்படுத்தச் சொல்லவில்லை. அவளுக்கு ஒரு வேலை மிச்சம் என்றுதான் சொன்னார். அவள் தலையாட்டிவிட்டு, கஞ்சிக்கு இஞ்சி நறுக்க உள்ளே போனாள்.

ஆறு மூட்டையில் பையில் போனதும் பொட்டலத்தில் போனதுமாகப் பாதிக்கு மேல் திரும்பி வந்தது. பெருநாள் வந்தது. பிரியாணி ஆக்கினார்கள். ஜீஷான் பெங்களூரிலிருந்து வந்து இரண்டு நாள் இருந்துவிட்டுப் போனான். வேடியப்பனுக்கு ஒரு தூக்கு பிரியாணி போனது, "மாட்டுக்கும் கொஞ்சம் குடுத்தனுப்பினீங்களா பாய்?" என்று கேட்டனுப்பினார். பெருநாள் கழிந்து மூன்றாம் நாள், வெயில் தாழ்ந்த நேரம், ஹபீபுன்னிசா சமையலறைக்குப் பக்கத்து அறையில் கீழே உட்கார்ந்து மிளகு புடைத்துக்கொண்டிருந்தாள். பிர்தௌஸ் உள்ளே வந்தாள். கையில் மொட்டைமாடிக் கொடியிலிருந்து எடுத்து மடித்த துணிகள். எல்லாவற்றையும் கட்டிலில் வைத்தாள். ஒரு புடவையை மட்டும் கையில் வைத்துக்கொண்டாள். வெளிர் மஞ்சள் புடவை.

"ஆபா, இந்தக் கறை போகலையே."

முந்தானையின் உள்பக்கத்தைத் திருப்பிக் காட்டினாள். நான்கு விரலும் உள்ளங்கையும். மூன்று தடவை சோப்புப் போட்டும், மூன்று தடவை வெயிலில் கிடந்தும், காவிச் சிவப்பு துளி மங்கவில்லை. கை துடைத்த மாதிரி அல்ல. கையை அழுத்திப் பதிய வைத்த மாதிரி இருந்தது.

முறம் ஏறி இறங்கியது.

"வண்டி வந்த அன்னிக்கு இதைத்தானே கட்டியிருந்தீங்க. எனக்கு ஞாபகம் இருக்கு. இந்தக் கலர் உங்களுக்கு நல்லா இருக்குனு அன்னிக்குக் காலையிலதான் சொன்னேன்."

தூசி பறந்தது. மிளகு ஒரு பக்கமும் காம்பு ஒரு பக்கமுமாக ஒதுங்கின.

பிர்தௌஸ் எதிரே உட்கார்ந்தாள். குரலை உயர்த்தவில்லை. "பாய்கிட்ட போக மாட்டேன். அப்சல்கிட்டயும் சொல்ல மாட்டேன். எனக்காகக் கேக்கறேன் ஆபா. அன்னிக்கே தெரியுமா உங்களுக்கு?"

'தெரியாது' என்று ஒரு வார்த்தை சொன்னால் முடிந்துவிடும். பிர்தௌஸ் நம்பிவிடக்கூடக் கூடும், அவள் அப்படிப்பட்டவள். ஆனால் தெரியாது என்றால், கையில் எடுத்து, சுத்தியலால் தட்டி, உதிர்ந்ததைக் கண்ணால் பார்த்தும் போலி எது என்று தெரியாத ஒரு பொம்பளை என்று ஆகும். முப்பத்தோரு வருஷமாக வண்டியை நிறுத்தி வைத்துக் கண்ணை மூடியதெல்லாம் சும்மா என்று ஆகும். அதைத் தன் வாயால், அதுவும் இவளிடம், சொல்ல ஹபீபுன்னிசாவுக்கு நாக்கு எழவில்லை. தெரியும் என்றால் என்ன ஆகும் என்பதும் தெரிந்திருந்தது. முறத்தை ஒரு தட்டுத் தட்டினாள். சுத்தமாகிவிட்ட மிளகையே மறுபடி புடைத்தாள்.

 பிர்தௌஸ் எழுந்து, கறை தெரியாத பக்கமாகப் புடவையை மடித்து, மற்ற துணிகளின்மேல் வைத்தாள். துப்பட்டா முனையில் முடிந்திருந்ததை அவிழ்த்து, பாக்கு அளவுக் கல் ஒன்றை எடுத்து முறத்துக்குப் பக்கத்தில் தரையில் வைத்தாள்.

"இது வேற ஆளுது. இன்னும் வெல ஒண்ணும் பேசல. நோன்பு முடிஞ்சிடுச்சு, பாத்துச் சொல்லுங்க."

ஹபீபுன்னிசா நிமிரவில்லை. பிர்தௌஸ் வாசற்படியில் ஒரு நொடி நின்று திரும்பிப் பார்த்துவிட்டு, விளக்கைப் போட்டுவிட்டு வெளியே போனாள்.